சாமித் தட்டுக்கு மேலை இருந்த சப்பாத்து

றோட்டைப் பாத்தபடி அவள் வைச்ச சப்பாத்து விடியேக்கை வீட்டைப் பாத்தபடி நிண்டது.

தவமலர் பால் போத்தில் எடுக்கத்தான் கதவைத் திறந்தவள். எட்டு மணியாகியும் வெளிச்சம் வரேல்லை. றோட்டு லைற் இன்னும் மஞ்சளாய் எரிஞ்சுகொண்டிருந்தது. முன்வீட்டுக் கதவிலை நத்தாருக்கெண்டு தொங்கவிட்ட முள்ளு இலை வளையம் ஈரத்திலை மினுங்க, குளிருக்குள்ளை ஆரோ கார் ஸ்ராட் வராமல் திரும்பத் திரும்ப முறுக்கிற சத்தம் லண்டன் வால்தம்ஸ்டோ முழுக்கக் கேக்கிறமாதிரி இருந்தது. பால்காரன்ரை கால் பட்டுத் திரும்பியிருக்கும் எண்டு நினைச்சாள். கையாலை தொட விருப்பமில்லாமல் விளக்குமாத்துத் தடியாலை தள்ளி, அதின்ரை மூக்கைத் திரும்பவும் றோட்டுப் பக்கம் திருப்பிவிட்டாள்.

அது அவையின்ரை சப்பாத்து இல்லை. முதல் நாள், ஞாயித்துக்கிழமை, வீட்டுப் புகைக்கூட்டுக்குள்ளை இருந்து வந்தது.

அந்த வீட்டுக்கு வந்து மூண்டு கிழமை. எண்பத்தேழாம் ஆண்டு முடியிற நேரம். அதுக்கு முதல் நாலு வருசம் இன்னொரு குடும்பத்தோடை ஒரு வீட்டைப் பங்கிட்டு, குசினிக்கு முறை வைச்சுச் சமைச்சவை. இப்ப சொந்த வீடு. நூறு வருசப் பழசு, இரண்டு பக்கமும் ஒட்டினது, சுவரெல்லாம் ஈரம். எண்டாலும் சொந்தம். கணவர் பாலேந்திராவுக்குப் பெற்றோல் ஸ்ரேசனிலை பின்னேர ஷிப்ட். இரண்டு மணிக்குப் போனால் பத்தரைக்குத்தான் வருவார். அதுவரைக்கும் அவளும், மூண்டு வயசு மகள் ரமாவும், அந்த வீடும்தான்.

முன் ஹோல்ச் சுவரிலை வெள்ளைக்காரர் நெருப்பு மூட்டுற பழைய அடுப்பு ஒண்டு இருந்தது. முந்தி இருந்தவை அதைப் பலகையாலை மூடி, முன்னுக்கு ஒரு காஸ் ஹீற்றர் பூட்டியிருந்தினம். அடுப்புக்கு மேலை ஒரு பளிங்குத் தட்டு. சாமிக்கெண்டு தனி அறை இல்லாதபடியால் தவமலர் அந்தத் தட்டிலைதான் பிள்ளையார், முருகன், அம்மன் படங்களை வைச்சு, தினமும் பின்னேரம் விளக்குக் கொளுத்தினாள்.

ஹீற்றரிலை காஸ் மணந்தபடியால் பாலேந்திரா தன்ரை சிநேகிதர் சூசைதாசனைக் கூப்பிட்டார். மன்னார்ப் பக்கத்து வேதக்காரர், எழுபத்தைஞ்சிலையே லண்டனுக்கு வந்தவர், வயசுபோன ஒரு வெள்ளைக்கார மேசனோடை வேலை செய்யிறவர். ஞாயிறு பூசை முடிஞ்ச கையோடை வந்து ஹீற்றரைக் கழட்டி, பலகையை எடுத்து, தோள் மட்டும் கையைப் புகைக்கூட்டுக்குள்ளை விட்டுத் துழாவினார். கரி பொலபொலவெண்டு கொட்டிச்சு. நனைஞ்ச சாம்பலும் பழைய தோலும் சேந்த ஒரு மணம் ஹோல் முழுக்கப் பரவிச்சு. பிறகு கையை வெளியிலை எடுத்தார். கையிலை சப்பாத்து.

சின்னப் பிள்ளையின்ரை சப்பாத்து. இடது கால். தோல் விறகு மாதிரி இறுகி, ஒரு பக்கம் இரும்புக் கொழுக்கி துருப்பிடிச்சு, குதிப்பக்கம் தேஞ்சு போய் இருந்தது. உள்ளுக்குப் பாத்தால் ஐஞ்சு விரலும் அமத்தின ஐஞ்சு குழி. ஆர் பிள்ளையோ, எந்தக் காலத்துப் பிள்ளையோ, இப்பதான் கழட்டினமாதிரி அந்தக் கால் உள்ளுக்கு இருந்தது.

சூசைதாசன் யோசிக்காமல் அதைக் கிட்ட இருந்த தட்டிலை வைச்சார். பிள்ளையார் படத்துக்குப் பக்கத்திலை.

தவமலருக்கு உடம்பு கூசிப்போச்சு. வீட்டுக்குள்ளை செருப்போடை வாறவையையே வாசலிலை மறிக்கிறவள் அவள். மூண்டு கிழமையாய்ச் சாமியின்ரை தலைக்கு மேலை ஒரு சப்பாத்து இருந்திருக்கு. அதுக்குக் கீழைதான் அவள் விளக்கு வைச்சிருக்கிறாள்.

"அண்ணை, உதை உடனை எடுங்கோ."

அவர் எடுத்தார். எடுத்துப்போட்டு, இதைத் திரும்ப உள்ளுக்கு வைச்சுத்தான் மூடவேணும் எண்டு சொன்னார். பழைய வீடுகளிலை இது வாறதுதானாம். தன்ரை முதலாளி குடிச்சால் கனக்கக் கதைப்பாராம், அவர் சொல்லித்தான் தெரியுமாம். வீட்டிலை கதவைப் பூட்டலாம், யன்னலைப் பூட்டலாம், புகைக்கூட்டை மட்டும் பூட்ட ஏலாது. குளிர்காலத்திலை அதாலை ஒண்டு இறங்கிவரும் எண்டு அந்தக் காலத்துச் சனம் பயந்ததாம். உடம்பிலை போடுற சாமானிலை சப்பாத்து ஒண்டுதான் கழட்டின பிறகும் ஆளின்ரை உருவத்தை வைச்சிருக்கும். வாறது அதைப் பிள்ளை எண்டு நினைச்சு அந்தச் சப்பாத்துக்குள்ளை போகும். போனால் திரும்பி வரத் தெரியாது.

அடுப்புக்குப் பக்கத்திலை ரமாவின்ரை சிவத்தக் காலுறை ஒண்டு ஊசி குத்தித் தொங்கிச்சு. நத்தார்த் தாத்தா புகைக்கூட்டாலை வந்து அதுக்குள்ளை சாமான் போடுவார் எண்டு நேர்சறியிலை சொல்லிக் குடுத்திருந்தினம். சூசைதாசன் அதைக் காட்டிச் சிரிச்சார்.

"முதலாளியைக் கேட்டால் உதுவும் அதுதான் எண்டுவார். தாத்தா எண்டு பிறகு பேர் வைச்சினமாம். கதவிலை கட்டுற முள்ளு இலையும் வடிவுக்கில்லையாம். நீங்கள் கண்ணூறுக்குப் பூசணிக்காய் தூக்கிறேல்லையே, அதுமாதிரி. எங்கடை வேதம் இஞ்சை வர முந்தின பழக்கம்."

"நீங்கள் நம்புறியளோ அண்ணை?"

"நான் ஏன் நம்புறன். ஆனா, எடுத்த இடத்திலை வைக்காமல் ஒரு வீட்டையும் மூடினதும் இல்லை."

தவமலர் ஏலாது எண்டிட்டாள். சாமிக்கு மேலை சப்பாத்தை வைச்சு விளக்குக் கொளுத்த அவளாலை ஏலாது. அப்பிடியெண்டால் மாடிப்படிக்குக் கீழை எண்டாலும் வைக்கச் சொன்னார், வீட்டை விட்டு மட்டும் வெளியிலை விடவேண்டாம் எண்டார். மாடிப்படிக்குக் கீழைதான் அரிசி மூட்டை. அதுக்கும் அவள் ஓம் சொல்லேல்லை. புது ஹீற்றர் அடுத்த கிழமைதான் வரும் எண்டு சொல்லி, அடுப்பு ஓட்டைக்குப் பலகையைச் சும்மா சாத்திவைச்சிட்டுச் சூசைதாசன் போனார். போகேக்கை அவர் சிரிக்கேல்லை.

அண்டு இரவு தட்டைக் கழுவி, மஞ்சள் தண்ணி தெளிச்சு, தலை முழுகி, சப்பாத்தைக் கொண்டுபோய் வெளிப்படியிலை வைச்சாள். பாலேந்திரா வேலையாலை வந்து கேட்டுப்போட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். வெள்ளைக்காரப் பேய்க்கு எங்கடை பேரையே சொல்ல வராது, எப்பிடியப்பா பிடிக்கும் எண்டார்.

செவ்வாய்க்கிழமை விடியக் கதவைத் திறந்தவள் அப்பிடியே நிண்டாள். சப்பாத்து படியிலை இல்லை. கால்துடைக்கிற பாய்க்கு மேலை ஏறி, மூக்குக் கதவிலை முட்டிக்கொண்டு நிண்டது. பால்காரன் இன்னும் வரேல்லை.

அவள் அதைப் பேப்பரிலை சுத்திக் குப்பை வாளிக்குள்ளை போட்டாள். ஒன்பது மணிக்குக் குப்பை லொறி வந்தது. யன்னல் சீலையை விலத்தி, வாளியைக் கவிழ்க்கிற மட்டும், லொறியின்ரை பல்லுக்குள்ளை எல்லாம் நசிஞ்சு போற மட்டும், லொறி மூலை திரும்பிற மட்டும் பாத்துக்கொண்டு நிண்டாள். அதுக்குப் பிறகுதான் தேத்தண்ணி குடிச்சாள். அண்டைக்குக் குடிச்ச தேத்தண்ணி நல்ல ருசியாய் இருந்தது.

பின்னேரம் மூண்டேமுக்காலுக்கே இருண்டுபோச்சு. இரண்டு கம்பிக் கறண்ட் ஹீற்றரைப் போட்டு, ரமாவைச் சோபாவிலை படுத்திட்டு, தவமலர் குசினியிலை வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தாள். முதலிலை ஹோல்ப் பக்கம் கரி கொட்டுற சத்தம். பலகைக்குப் பின்னாலை, கொஞ்சம் கொஞ்சமாய், சீனி கொட்டுறமாதிரி. குருவி ஏதும் விழுந்திருக்கும். பிறகு பலகை ஒருக்கால் மெல்ல அசைஞ்ச சத்தம். பிறகு மரத் தரையிலை ஒரு அடி. ஒரு அடி மட்டும். மற்றக் கால் வைக்கிற அளவுக்கு ஒரு இடைவெளி, ஆனா அந்தக் கால் சத்தம் போடேல்லை. பிறகு முதல் கால்தான் திரும்பவும்.

ஓடிப்போய்ப் பாத்தாள். ஒருத்தரும் இல்லை. பலகை சாத்தினபடி. பிள்ளை நித்திரை. ஒட்டின வீட்டிலை ஆரோ நடந்திருப்பினம் எண்டு தனக்குத்தானே சொல்லி, லைற் எல்லாத்தையும் போட்டுவிட்டாள்.

புதன்கிழமை ரமா போட்டிருந்த இடது காலுறையைக் காணேல்லை. சோபாவுக்குக் கீழை, மெத்தைக்கு இடையிலை எல்லாம் தேடினாள். பிள்ளையின்ரை காலைத் தூக்கிப் பாக்கேக்கை ஐஞ்சு விரலின்ரை நுனியிலையும் கரி. குதியிலையும் ஒரு பொட்டுக் கரி. நடுவிலை சுத்தம்.

"உன்ரை காலிலை ஆரம்மா கரி பூசினது?"

"அந்தப் பிள்ளை."

"எந்தப் பிள்ளை?"

"அந்தப் பிள்ளை கால் அளக்குது," எண்டு சொல்லிப்போட்டு ரமா கொப்பியிலை கீறத் துவங்கினாள்.

சவுக்காரம் போட்டுக் கழுவினாள். பிள்ளைக்குத் திருநீறு பூசினாள். வீட்டு வாசல் எல்லாத்திலையும் தேசிக்காய் வெட்டி வைச்சாள். சாமித் தட்டுக்கு முன்னாலை கண்ணை மூடி நிக்கேக்கை, தான் ஆரைக் கும்பிடுறன், கேக்கிறது ஆர் எண்டு ஒரு கேள்வி வந்தது. அந்தக் கேள்வி அவளுக்குப் பிடிக்கேல்லை.

வியாழக்கிழமை பிள்ளை நொண்டிச்சு. இடது கால் மீன் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. டொக்டரிட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். குளிருக்குக் காலிலை வாற வீக்கம் எண்டு ஒரு களிம்பு எழுதி, வீட்டைச் சூடாய் வைக்கச் சொல்லி அனுப்பினார். இரவு பாலேந்திராவுக்கு எல்லாம் சொன்னாள். இந்த முறை அவர் சிரிக்கேல்லை. பிள்ளையின்ரை காலைத் தன்ரை இரண்டு கைக்குள்ளையும் வைச்சுக் கனநேரம் தேச்சார்.

"சனிக்கிழமை சட்டனிலை இருக்கிற அக்கா வீட்டை போவம். நாளைக்கு ஒரு நாள் சமாளியும். லீவு கேட்டால் ஸ்ரேசன்காரன் வேலையாலை நிப்பாட்டிப் போடுவான்."

ஒரு நாள். ஒரு பின்னேரம். தவமலர் ஓம் எண்டாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு அவர் போனார். மூண்டரைக்கு வெளியிலை வெளிச்சம் வடிஞ்சுது. முன்வீட்டுக்காரர் யன்னலிலை கலர் லைற் போட்டினம். சிவப்பு, பச்சை, சிவப்பு. ரமாவைச் சோபாவிலை இருத்தி, கம்பளியாலை இறுக்கிச் சுத்தி, தன்ரை மடியிலை அந்தக் காலை வைச்சுக்கொண்டு அவள் இருந்தாள். தொலைக்காட்சியைப் பெரிசாய் விட்டிருந்தாள்.

நாலு மணிக்கு ரமா நோகுது எண்டு அழுதாள். தவமலர் கம்பளியை விலத்தினாள்.

விரல் ஐஞ்சும் ஒண்டோடை ஒண்டு நெருங்கி, சப்பாத்தின்ரை மூக்குக்குள்ளை அடைச்சமாதிரி இறுகிக் கிடந்தது. காலின்ரை மேல்ப் பக்கத்திலை ஒரு பட்டி அமத்தின அடையாளம். பக்கத்திலை சதுரமாய்க் கொழுக்கியின்ரை அடையாளம். வெறுங்கால். காலிலை ஒண்டும் இல்லை. எண்டாலும் அந்தப் பட்டி அவள் பாத்துக்கொண்டிருக்கவே இன்னும் ஒரு நூல் உள்ளுக்கு இறுகிச்சு.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரெலிபோனுக்கு ஓடினாள். பெற்றோல் ஸ்ரேசன் எடுக்கேல்லை. அடுத்ததாய்ச் சூசைதாசன் வீட்டுக்கு அடிச்சாள். மனிசி எடுத்து, அவர் ஹரோவிலை ஒரு வீட்டிலை வேலையிலை நிக்கிறார் எண்டு சொல்லி அந்த நம்பரைக் குடுத்தா. அந்த நம்பருக்கு அடிச்சாள். கனநேரம் மணி அடிச்சு, அவர் வந்தார். அவள் எல்லாத்தையும் சொன்னாள்.

"சப்பாத்து எங்கை, தங்கச்சி?"

"குப்பைக்காரர் கொண்டுபோட்டினம்."

அங்காலை சுத்தியலாலை அடிச்சுக்கொண்டிருந்த ஆரையோ நிப்பாட்டச் சொன்னார்.

"வடிவாய்க் கேளுங்கோ," எண்டார் பிறகு. "வேறை ஒண்டு வைக்கவேணும். பழசாய் இருக்கவேணும். போட்ட ஆள் வளந்திருக்கவேணும், இல்லாட்டி செத்திருக்கவேணும். இப்ப ஒருத்தர் போடுறதை வைக்கக்கூடாது, வைச்சால் அது போடுற ஆளிட்டைப் போயிடும். விளங்குதோ? பிள்ளையின்ரை வளந்து கழட்டினது ஒண்டு இருக்குமே?"

இல்லை. ஒண்டும் இல்லை. பிள்ளைக்கு இறுகிப்போன சப்பாத்து எல்லாம் ஓகஸ்டிலை ஒரு ஆளிட்டைக் குடுத்து ஊருக்கு அனுப்பினது. இடம்பெயர்ந்து கோயிலிலை இருக்கிற தங்கச்சியின்ரை பிள்ளையளுக்கு. தவமலர் வீட்டிலை ஆளுக்கு ஒரு சோடிதான். பழசு எண்டு ஒண்டை வைச்சிருக்கிற வீடு இல்லை அது.

"அப்ப நான் கொண்டு வாறன். என்ரை மகன்ரை ஒண்டு வீட்டிலை கிடக்கு, எடுத்துக்கொண்டு வாறன். ஒண்டரை மணித்தியாலம். அதுமட்டும் பிள்ளையைக் கீழை இறக்காதேங்கோ."

ரெலிபோனை வைச்சாள். தொலைக்காட்சி தன்பாட்டிலை நிண்டுபோச்சு.

கரி கொட்டிச்சு.

பலகை விழுந்துது.

ஒரு அடி. இடைவெளி. ஒரு அடி.

அவள் பிள்ளையைத் தோளோடை அணைச்சுக்கொண்டு வாசல் பக்கம் போனாள். ஒழுங்கைமாதிரி ஒடுங்கின அந்த நடையிலை, கதவுக்கும் அவளுக்கும் நடுவிலை, அடி விழுந்துது. பின்னுக்கு வந்தாள். அதுவும் வந்தது. நனைஞ்ச சாம்பல் மணம். ரமாவின்ரை அழுகை திடீரெண்டு நிண்டது. பிள்ளையின்ரை இடது கால் அவளின்ரை கையுக்குள்ளை இருந்து நழுவி, கீழை, தரையைப் பாத்து நீண்டுது. பாரம். கல்லுமாதிரிப் பாரம். ஆரோ கீழை நிண்டு இழுக்கிற பாரம்.

ஒண்டரை மணித்தியாலம் இல்லை. ஒண்டரை நிமிசமும் இல்லை.

ஹோல் வாசல் மூலையிலை அவளின்ரை செருப்புக் கிடந்தது. கட்டுநாயக்காவிலை பிளேன் ஏறேக்கை போட்டுவந்து, இப்பவும் போடுற தோல்ச் செருப்பு. குதி தேஞ்சு, ஐஞ்சு விரலும் ஐஞ்சு குழியாய்ப் பதிஞ்சது. சூசைதாசன் வேண்டாம் எண்டு சொன்னது அவளுக்கு வடிவாய் விளங்கினது. பிள்ளையின்ரை முகத்தைப் பாத்தாள். நீலம் ஏறின உதடு.

இடது செருப்பை எடுத்தாள். ஹோலுக்கு ஓடினாள். முழங்காலிலை விழுந்து, ஒரு கையாலை பிள்ளையை அணைச்சபடி, மற்றக் கையைத் தோள் மட்டும் புகைக்கூட்டுக்குள்ளை விட்டாள். மேலை ஒரு கல்லு விளிம்பு. அதிலை வைச்சாள்.

"இதை எடு," எண்டாள். தமிழிலைதான் சொன்னாள். "பிள்ளையை விடு."

குளிர் ஒண்டு அவளின்ரை கையை உரசிக்கொண்டு மேலை போச்சு.

பிறகு ஒண்டும் இல்லை.

கரி இல்லை. அடி இல்லை. மணம் இல்லை. தொலைக்காட்சி திரும்ப வந்து, அதிலை ஆரோ சிரிச்சினம். ரமா மடியிலை நெளிஞ்சாள். கால் விரல் ஒவ்வொண்டாய் விரிஞ்சு, வெளிறின தோலிலை மெல்ல ரத்தம் ஓடி, பட்டியின்ரை அடையாளம் தண்ணியிலை கீறின கோடு மாதிரி அழிஞ்சுபோச்சு. தவமலர் அந்தக் காலைத் தன்ரை கன்னத்தோடை வைச்சு அழுதாள். சூடாய் இருந்தது. சின்னக் கால். தன்ரை பிள்ளையின்ரை கால். ரமா கிச்சுக்கிச்சு எண்டு சிரிச்சுக்கொண்டு மடியாலை இறங்கி, சோபா மட்டும் ஓடினாள். நொண்டேல்லை.

வெளியிலை கார் ஒண்டு வந்து நிண்டது. முன்வீட்டுக்கு.

தவமலர் எழும்பினாள்.

வலது கால் தரையை உணந்தது. இடது கால் உணரேல்லை. அங்கை கால் இருக்கு, கண்ணுக்குத் தெரியுது, ஆனா அது ஆருடையதோ. நகம் ஐஞ்சும் கறுத்திருந்தது. அவள் அசைக்க நினைக்காமலே பெருவிரல் அசைஞ்சுது. மற்ற விரலும் அசைஞ்சுது. கன காலம் படுத்துக்கிடந்த ஒருத்தர் சோம்பல் முறிக்கிறமாதிரி.

ரமா சிரிக்கிறதை நிப்பாட்டினாள். தாயின்ரை முகத்தைப் பாக்கேல்லை. கீழைதான் பாத்தாள். சோபாவின்ரை மூலைக்குள்ளை பின்னுக்குப் பின்னுக்குப் போனாள்.

"அம்மா வேண்டாம்."

"அம்மா வரேல்லையடா," எண்டாள் தவமலர். "அம்மா இஞ்சைதான் நிக்கிறன்."

மேசைக் காலை இரண்டு கையாலையும் பிடிச்சாள். வலது காலை மேசைக்குக் கீழை மடக்கி இறுக்கினாள்.

இடது கால் முன்னுக்கு ஒரு அடி வைச்சுது.

மேசை அவளோடை சேந்து தரையிலை உரஞ்சிக்கொண்டு வந்தது. மேசையை விட்டுக் கை நழுவ, சோபா மட்டும் அவளின்ரை நகம் மரத் தரையிலை பத்துக் கோடு கீறிக்கொண்டு வந்தது. அவள் வேண்டாம் வேண்டாம் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள். மகளின்ரை கண்ணை மட்டும் பாத்துச் சொன்னாள்.

கறுத்த பாதம் சோபாவிலை ஏறி, பிள்ளையின்ரை சின்னப் பாதத்துக்குப் பக்கத்திலை, குதியைக் குதியோடை ஒட்டி வைச்சு, விரலை மெல்ல விரிச்சுது.